ரோசம்மா வீட்டு லைன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே செல்லையனின் குரல் கேட்காத ஊர் கிடையாது. மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர். சபை கன்வென்ஷன், கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதலில் ஒலிப்பது அவர் தொண்டைதான். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று அவர் ஆரம்பித்தால், வாய்க்காலுக்கு அக்கரையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள், "கேக்குது, கேக்குது, நிறுத்தும் ஓய்" என்று திருப்பிக் கத்துவார்கள்.

பக்கவாதம் வந்தபோது முதலில் அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டது. பிறகு வலது கை, வலது கால். ஆறேழு மாதத்தில் விழுங்குகிற பலமும் போய், மூக்கு வழியாக டியூப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் நிலை வந்தது.

மனைவி ரோசம்மாவுக்கு இதெல்லாம் புது வேலை அல்ல. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். முதுகில் புண் வராமல் புரட்டிப் போடவும், டியூபில் காற்று ஏறாமல் ஊற்றவும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்க வந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினால், "அளுகதுக்குண்டானா வெளிய நில்லுங்க, உள்ள வந்தா காலு பக்கம் பிடிங்க" என்பாள். அழுகையையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆளைத் தூக்க முடியாது என்பது அவள் கணக்கு.

அவர்களுக்கு ஒரே மகள், எப்சி. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பக்கவாதம் வந்தபோது ஓடி வந்து, இருந்த லீவையெல்லாம் தீர்த்துவிட்டுப் போனாள். இனி வர முடியுமா என்று கேட்டதற்கு, "சாவுக்கு லீவு உண்டு அம்மா, சாகக் கெடக்கதுக்கு இல்ல" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். அது சிரிப்பு இல்லை என்று ரோசம்மாவுக்குத் தெரியும்.

எப்சி தினமும் மத்தியானம் வீடியோவில் அழைப்பாள். அவளுக்கு அது டியூட்டிக்குக் கிளம்புகிற காலை நேரம். ரோசம்மா போனைச் செல்லையனின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். போதகர் வந்து கையைப் பிடித்து ஜெபம் செய்தாலும் சுவரையே பார்த்துக் கிடக்கும் ஆள், எப்சியின் முகம் போனில் தெரிந்ததும் கண்ணைத் திருப்புவார். இடது பக்க உதடு ஒரு தடவை இழுபடும். ஒரு நாளில் அவர் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

பஞ்சாயத்திலிருந்து வீடு வீடாகக் கிடப்பு நோயாளிகளைப் பார்க்க வரும் பாலியேட்டிவ் நர்ஸ், "இனி அதிகம் நாள் இல்ல சேச்சி" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரோசம்மாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவருக்கு இனி மருந்து வேண்டாம், டாக்டர் வேண்டாம். மகள் முகம் கொஞ்ச நேரம் நிலையாக முன்னால் நிற்க வேண்டும். கண் அடைவதற்குள் அதை மட்டுமாவது முழுதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அதுதான் நடக்கவில்லை. அழைத்துக் கொஞ்ச நேரம் ஆவதற்குள் எப்சி, "அம்மா, படம் நின்னுட்டு. ஒரே அனக்கமில்ல" என்பாள்.

"அப்பாவே அனங்காமத்தான் மக்கா கெடக்காரு."

"அதில்லம்மா, நெட்டு போவுது. ஒண்ணும் காணல்ல. நான் பெறவு விளிக்கேன்."

போன் இருண்டுவிடும். செல்லையனின் கண் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ரோசம்மா போனை எடுத்துவிட்டால் கூட அது இருந்த இடத்தையே பார்க்கும். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் சுயம்புவைக் கூப்பிட்டாள்.

சுயம்பு ஒரு காலத்தில் செல்லையனிடம் வேலை பார்த்தவன். தென்னையில் ஏறி ஹாரன் ஸ்பீக்கர் கட்டுவான். இப்போது அமரவிளையில் ஓர் அறை எடுத்து, ஊர் முழுக்கக் கேபிளும் நெட்டும் இழுத்துக் கொடுக்கிறான். செல்லையனை அண்ணன் என்றும் ரோசம்மாவை மயினி என்றும் கூப்பிடுவான். மழை பெய்தாலும் மரம் விழுந்தாலும் தன் லைன் நிற்காது என்பது அவன் எங்கும் சொல்லித் திரிகிற பெருமை. அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மயினி, எனக்க லைன்ல குத்தம் இருக்காது. உங்க வீட்டுல எத்தன பேரு இத இளுக்காங்கன்னு முதல்ல சொல்லுங்க."

ரோசம்மா யோசித்தாள். சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். உட்கார்ந்ததும் பாஸ்வேர்டு கேட்பார்கள். சீக்கு வீட்டில் வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் கிடையாது. ஒரு தடவை கொடுத்தால் போதும், அவர்கள் போன் அடுத்த தடவை வாசலில் நுழையும்போதே தானாக ஏறிக்கொள்ளும். அங்கே இங்கே எடுத்த படங்களையெல்லாம் ஓசையில்லாமல் மேலே ஏற்றத் தொடங்கும். பிறகு மதிலுக்கு அப்புறம் இருக்கும் பிரசீதா. பிளவுஸ் வெட்டுவது எப்படி, கை வைப்பது எப்படி என்று வீடியோ எடுத்துப் போடுகிறவள். அதெல்லாம் இந்த வீட்டு நெட்டில்தான் போகிறது. காலையும் மாலையும் வந்து செல்லையனைப் புரட்டிப் போடக் கை கொடுப்பவளும் அவள்தான்.

"எல்லாவரையும் வெட்டி விடுங்க" என்றான் சுயம்பு.

"பிரசீதாவ வெட்டினா உனக்க அண்ணன ஆரு பிடிப்பா? நீ வாறியா ரெண்டு நேரமும்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் சொல்லுகத கேளு. உனக்க அண்ணனுக்க போனு எதுன்னு அந்த நெட்டுப் பெட்டிக்குச் சொல்லிக் கொடு. அதுக்கு முளுசாக் கொடுக்கட்டு. மிச்சம் உண்டானா மத்தவங்களுக்கு."

"அப்பிடி எளுதியும் வைக்கலாம் மயினி. ஆனா அந்தப் போன்ல நீங்க ஒரு பாட்டு எறக்கினாலும் அது அண்ணனுக்க அவசரம்னுதான் நினைக்கும். உங்க போன்ல எப்சி விளிச்சா, போயி கடைசில நில்லுன்னு சொல்லும். அதவிட, தானா பாத்துக் கொடுக்கிற பெட்டி ஒண்ணு உண்டு. அதுக்கு ஆளு தெரியாது. சீக்கு தெரியாது. எது அவசரம்னு மட்டும் தெரியும்."

மறுநாள் அந்தப் பெட்டியோடு வந்தான். சுவரில் மாட்டிக்கொண்டே விளக்கினான். வீட்டிலிருந்து வெளியே போகிற வழி சின்னது, உள்ளே வருகிற வழி பெரியது. செல்லையனின் முகம் எப்சிக்குப் போவது அந்தச் சின்ன வழியில். பிரசீதாவின் பிளவுஸும் அதே வழியில்தான் போக வேண்டும். எல்லாம் ஒன்றாய் முட்டினால், வீட்டுக்கு வெளியே லைன் தொடங்குகிற வாயில் வரிசை நீண்டுவிடும். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல ஆள் இல்லை. பெரிய பெரிய மூட்டைகளுக்குப் பின்னால் செல்லையனின் முகம் நின்றுவிடும்.

"அதுக்கு இந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"லைன் எவ்வளவு தாங்கும்னு அதே அளந்து பாக்கும். பெறவு அதுல இருந்து கொஞ்சம் கொறச்சுத்தான் வெளிய விடும்."

"கொறச்சா? இருக்கதே போராதுன்னு சொல்லுகேன், நீ கொறைக்கேன்னு சொல்லுக."

"கொறச்சாத்தான் மயினி வெளிய வரிசையே நிக்காது. வரிசை நம்ம பெட்டிக்குள்ள நிக்கும். உள்ள நின்னா நமக்கு ஆளலாம். சின்னதா, அவசரமா வாறத முன்னால விடும். பேச்சும் முகமும் அப்பிடித்தான் வரும், நுள்ளி நுள்ளி, நிக்காம. பெரிய மூட்டைய எல்லாருக்கும் ஒண்ணுபோல பங்கு வச்சு மெதுவா விடும்."

ரோசம்மா கட்டிலைப் பார்த்தாள். டியூபில் கஞ்சி ஊற்றும்போது சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் வேகமாக இறங்கும். வயிறு கொள்கிற அளவுக்கு மேல் போனால் எதிர்த்து வந்து நெஞ்சுக்குள் போய்விடும். அதனால் கொள்கிறதைவிடக் கொஞ்சம் குறைத்து, கையைத் தாழ்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால்தான் முழுக் கஞ்சியும் உள்ளே போகும்.

"மனசிலாச்சு" என்றாள். "கைய தாத்திப் பிடிக்குது."

சுயம்புவுக்கு அது மனசிலாகவில்லை. இருந்தாலும் தலையாட்டினான்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் நிலைமை முன்னைவிட மோசமானது. எப்சி அழைத்தபோது அவளுடைய குரலே வெட்டி வெட்டி வந்தது. ரோசம்மா சுயம்புவைத் திரும்பவும் வரவழைத்தாள்.

"நீ அத அளக்க விட்டது எப்போ?"

"மாட்டின உடனே. நீங்க பக்கத்துல நின்னீங்களே."

"அந்த நேரம் மதிலுக்கு அங்க அவ வீடியோ போட்டுட்டு இருந்தா. வெட்டியாச்சா, தச்சாச்சான்னு சத்தம் கேட்டுது. கூட சபைக்காரங்க நாலஞ்சு பேரும் இருந்தாங்க. எலே, படிக்கட்டு ஏறி வந்தவனப் பிடிச்சு உடனே பிரஷர் பாத்தா என்ன வரும்?"

சுயம்பு விழித்தான். பிறகு சிரித்துவிட்டான். மற்றவர்கள் இழுத்த மிச்சத்தைத்தான் பெட்டி அளந்திருக்கிறது. லைனே இவ்வளவுதான் என்று நினைத்து, அதிலிருந்தும் குறைத்துக்கொண்டு கைக்குள் பிடித்துவைத்திருக்கிறது. அதன் மேல் தப்பு இல்லை. காட்டியதைத்தான் அது நம்பும்.

ரோசம்மா மதிலருகே போனாள். "பிரசீதா, கொஞ்ச நேரம் உனக்க பிளவுசு ஒண்ணும் ஏத்தாத."

"இல்ல சேச்சி, ஞான் ஆஃப் ஆக்கி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஸ்லீவ்லெஸ் ஆணு, அது நாளைக்குப் போட்டா மதி."

எல்லா போனையும் அணைத்து, வீடு அமைதியான பிறகு பெட்டியைத் திரும்ப அளக்க வைத்தார்கள். இந்தத் தடவை சுயம்புவின் முகம் தெளிந்தது. "இதாக்கும் எனக்க லைன்" என்றான். ரோசம்மாவின் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். வெளியே போவதும் உள்ளே வருவதும் அதில் இரண்டு கோடுகளாக ஓடும். பிறகு அமரவிளைக்குப் போய், சாட்சிக்கு அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பிரசீதாவை வீடியோவும் போடச் சொல்லியிருந்தார்கள். ரோசம்மா போனைக் கட்டிலுக்கு நேரே பிடித்தாள்.

"காணுதா?"

சுயம்புவின் முகம் போனுக்கு நெருங்கி வந்தது. "தெளிவாக் காணுது மயினி" என்றான் பிறகு. "அண்ணனுக்குச் சவரம் செய்யணும், நாளைக்கு நான் வாறேன்."

மறுநாள் அவளே செல்லையனைக் குளிப்பித்து, தலை வாரி, நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள். சுயம்பு வந்து சவரம் செய்துவிட்டுப் போனான். எப்சி அழைத்தாள். செல்லையனின் கண் திரும்பியது. ரோசம்மா செல்லையனின் போனை ஒரு கையிலும் தன் போனை மறுகையிலும் வைத்திருந்தாள். வெளியே போகிற கோடு தாழாமல் ஏறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, படம் நின்னுட்டு" என்றாள் எப்சி.

ரோசம்மா கோட்டைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"இருக்கட்டு மக்கா, வைக்காத. இப்ப செரியாவும்."

"ஒண்ணும் காணல்லம்மா."

போனில் எப்சி முகத்தைத் திருப்பி ஜன்னலையோ எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்துப் பக்கத்துக் குறையாக இருக்குமோ என்று ரோசம்மா நினைத்துக்கொண்டிருந்தபோது, குளித்த ஈரத்தில் செல்லையனின் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி மெல்ல விட்டது. எப்சி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, டேப்பு விட்டுட்டு பாரு. டியூபு வெளிய வரும். மார்க்கு எறங்கியிருக்கான்னு பாரு, எறங்கியிருந்தா கஞ்சி கொடுக்காத."

ரோசம்மா போனைத் தலையணையில் சாய்த்துவிட்டு டியூபின் அடையாளத்தைப் பார்த்தாள். இறங்கவில்லை. புது பிளாஸ்திரி வெட்டி ஒட்டினாள்.

"இப்ப ஒரு நொடி வந்துது அம்மா" என்றாள் எப்சி. "பெறவும் போச்சு."

"ஆ" என்றாள் ரோசம்மா. "நீ டியூட்டிக்குப் போ மக்கா."

அன்று அவளுக்குக் கோபம் வந்தது. ஊரான் வீட்டுக் கிழவனையெல்லாம் புரட்டிப் போடத் தெரிகிறது, பெற்ற அப்பனைக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லையா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கஞ்சிப் பானையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேவையில்லாத பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்தாள்.

கோபம் இறங்கியதும் வார்டு ஞாபகம் வந்தது. கட்டிலருகே வராமல் வராந்தாவிலேயே நின்றுவிடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். திரும்பத் திரும்பச் சாயா வாங்கப் போவார்கள். பில்லுக்குச் சண்டை போடுவார்கள். டாக்டர் எங்கே, டாக்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாசம் இல்லாதவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவர்களை அவள் ஏசியதில்லை. ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுத்து, வெந்நீர் வாங்கி வா என்று அனுப்புவாள். நர்ஸ் என்றால் எல்லார் கட்டிலருகிலும் நிற்கலாம், ஒரு கட்டில் தவிர. எப்சிக்கு இங்கிருந்து எந்தப் பாத்திரத்தைக் கொடுப்பது?

ராச்சோறு உண்ணும்போது ஒன்று தோன்றியது. செல்லையனுக்கு மகளைப் பார்க்க வேண்டும். மகள் செல்லையனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் கேட்டாரா?

மறுநாள் எப்சி அழைத்தபோது, ரோசம்மா தன் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"அம்மா, உங்க பக்கத்துப் படம் வரல்ல."

"நாந்தான் ஆஃப் ஆக்கினேன். சுயம்பு வந்து பாத்தான் மக்கா. மேல போற வளி சின்னதாக்கும், கீள வாறது பெருசு. ரெண்டு படமும் ஒண்ணாப் போனா முட்டிக்கிட்டு நிக்குது. இங்க உள்ளத ஆஃப் ஆக்கினா உனக்க படம் நிக்காம வரும்."

சுயம்புவிடம் தெரிந்துகொண்டதெல்லாம் பொய் சொல்லப் பயன்பட்டது. சுயம்பு கேட்டிருந்தால் கூட இதில் குற்றம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"அப்ப எனக்கு அப்பாவக் காண முடியாதா?"

"முடியாது. அப்பாவுக்கு உன்னக் காணலாம்."

எப்சி ஏதாவது சொல்லுவாள், சுயம்புவைத் திட்டுவாள், வேறு வழி கேட்பாள் என்று ரோசம்மா காத்திருந்தாள்.

"செரி அம்மா" என்றாள் எப்சி. அது மிகவும் சீக்கிரமாக வந்தது.

அதன் பிறகு அவள் நேரத்தோடு கூப்பிடத் தொடங்கினாள். போனைத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் மேல் சாய்த்து வைத்துவிட்டு முட்டை பொரித்தாள், சட்டை தேய்த்தாள், தலை வாரினாள். பேசிக்கொண்டே இருந்தாள். அங்கே இல்லத்தில் ஒரு கிழவர் பிஸ்கட்டுத் திருடித் தலையணைக்குள் வைக்கிறாராம். இன்னொரு பாட்டி எப்சியைத் தன் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு பழைய சண்டைக்கு வருகிறாளாம். மழையைக் காட்டினாள். பஸ் நிறுத்தத்தைக் காட்டினாள். அப்பாவிடம் வழக்கடித்தாள்.

"எனக்க கல்யாண வீட்டுல மாப்பிளைக்க பேர மைக்குல மாத்திச் சொன்னீரே, மறந்துட்டீரா? லிஜின்ங்கதுக்கு லிபின்னு சொன்னீரு. அவுங்க அம்மைக்கு இன்னைக்கும் கோபம்."

செல்லையனின் உதடு இழுபட்டது.

"கேக்காராம்மா?"

"கேக்காரு. சிரிக்காரு" என்றாள் ரோசம்மா. கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னாள். கேமராவைப் பற்றி எப்சி பிறகு கேட்கவே இல்லை.

வாரங்கள் போனதில் செல்லையன் சிறுத்துக்கொண்டே வந்தார். கஞ்சித் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். உதடு அசைவது நின்றது. கண் மட்டும் திரும்பும்.

ஒரு நாள் காலையில் ஊற்றியது அப்படியே திரும்ப வந்தது. ரோசம்மா டியூபை மூடி வைத்துவிட்டு மூச்சைக் கவனித்தாள். நாலைந்து மூச்சு வேகமாக ஏறும், பிறகு நிற்கும், பிறகு ஆழமாக ஒன்று வரும். வார்டில் இந்த மூச்சைக் கண்டால் சொந்தக்காரர்களைக் கூப்பிடச் சொல்லுவார்கள். பிரசீதா வந்து வாசலில் நின்று, பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசம்மா அவளிடம் ஸ்டூலைக் காட்டினாள்.

மத்தியானம் போன் அடித்தது. சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் எப்சி பேச்சை நிறுத்திவிடுவாள், அல்லது அழுவாள். அவர் காதில் கடைசியாக விழுவது அதுவாக இருக்கும். கேமராவைப் போடச் சொன்னாலும் சொல்லுவாள். போட்டுவிட்டு, மீதி நாளெல்லாம் அதையே கண்டுகொண்டிருப்பாள்.

ரோசம்மா எடுத்து, போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

எப்சி தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பல்லில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே, தான் போகிற பஸ்ஸில் புதிதாக வந்திருக்கும் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். இங்கே பக்கத்துக் காட்டாக்கடைக்காரனாம். ஏறும்போது மலையாளத்தில் சீட்டு கேட்டானாம். செல்லையனின் கண் போனில் இருந்தது. மூச்சு நின்றது. ஆழமாக ஒன்று வந்தது. மறுபடி நின்றது. ரோசம்மா இடது கையை எடுத்து அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். எப்சி கொண்டையைக் கண்ணாடியில் பார்த்தாள், சரியில்லை என்று அவிழ்த்தாள், திரும்பப் போட்டாள். விரலுக்கடியில் ஒன்றும் இல்லை.

"அப்பா முளிச்சிருக்காராம்மா?"

"உன்னத்தான் பாத்துட்டு இருக்காரு."

"கொண்டை செரியான்னு கேளு."

"செரியா இருக்கு மக்கா."

"பஸ் வந்துரும். வைக்கேன். அப்பா, போயிட்டு வாறேன்."

போன் இருண்டது. ரோசம்மா அதைத் தலையணையில் வைக்கவில்லை. எப்சியோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் சோனா என்ற பெண்ணை அழைத்தாள். "மோளே, நீ எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். எப்சி பஸ் ஏறதுக்கு முன்னால நீ அவ கிட்ட போயி நில்லு. கைய பிடிச்சுக்கோ. நின்னாச்சுன்னு சொல்லு, பெறவு நான் விளிக்கேன்." சோனாவுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் கட்டிலுக்குத் திரும்பினாள். அவர் கண்ணை மூடினாள், மூடி கொஞ்ச நேரம் கை எடுக்காமல் இருந்தாள். தாடையைக் கட்டினாள். டியூபை உருவினாள். பிரசீதா அழுதுகொண்டே வெந்நீர் கொண்டுவந்தாள்.

எப்சி வருகிறவரை உடலை நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரி மோர்ச்சரியில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அதுதான் முறை. அவள் வந்து இறங்கி, வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்த கணவன் லிஜின் தோளைப் பிடித்திருக்க, கண்ணாடிப் பெட்டிக்கு அருகே நின்றாள். அழவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அப்பனின் முகத்தில் டியூப் இல்லை, பிளாஸ்திரி இல்லை. சுயம்பு திரும்பவும் வந்து செய்த சவரம் தெரிந்தது. பிரார்த்தனை தொடங்குகிறவரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

முற்றத்தில் சுயம்பு மைக் கட்டிக்கொண்டிருந்தான். செல்லையனின் செட்டுதான்.

செல்லையனின் தங்கை சுகுமாரிதான் ஆரம்பித்தாள். "ஒரே ஒரு பிள்ள. அதுக்குத் தகப்பன் முகத்தக் கடைசி நாளுல ஒருக்காக் காணக் கொடுத்து வைக்கல்லியே. கொள்ளாவுந்த நல்ல நெட்டு ஒண்ணு எடுத்து வைக்கப்பிடாதா மயினி? என்ன வீடு இது?"

எப்சி அப்போதுதான் உடைந்தாள். "நெட்டு மட்டும் நல்லா இருந்திருந்தா அத்தை," என்றாள். வந்திருந்த பெண்களெல்லாம் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

ரோசம்மா சுயம்புவைப் பார்த்தாள். அவன் ஒயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தவன், அப்படியே நின்றுவிட்டான். அமரவிளையில் நின்று அண்ணனின் முகத்தை மயிர்க்கால் வரைக்கும் தெளிவாகக் கண்டவன் அவன். அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவன் வாயைத் திறந்தான். எப்சியைப் பார்த்தான். பிறகு ரோசம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"குத்தம் எனக்க லைன்லதான் அக்கா" என்றான் சுயம்பு, சுகுமாரியிடம். "சொன்னாங்க. நான் செரியாக்கல்ல."

ஊரில் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. செல்லையனிடம் தின்று வளர்ந்தவன் செல்லையனுக்கே நல்ல லைன் கொடுக்கவில்லை என்றார்கள். வாய்க்கால் கரையில் சில வீட்டுக்காரர்கள் வேறு கம்பெனிக்கு மாறினார்கள். திரும்பிப் போவதற்கு முன்னால் எப்சியும் மாற்றினாள். "இனி உன்ன எனக்குத் தெளிவாக் காணணும் அம்மா" என்றாள். ரோசம்மா, "மாத்து" என்றாள்.

எப்சி போன பிறகு சுயம்பு தன் பெட்டியைக் கழற்ற வந்தான். ஆணியைப் பிடுங்கினான், ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்தான். கரண்ட் போஸ்டிலிருந்து வீடு வரைக்கும் இழுத்திருந்த ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்தான். ரோசம்மா சாயா கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"சுயம்பு, உனக்க லைனுக்கு ஒரு கொறையும் இல்ல."

"எனக்குத் தெரியும் மயினி." அவன் ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எப்சிக்குத் தெரியுமா?"

ரோசம்மா காலிக் கட்டிலில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டை உருவி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒருக்காலும் கேக்கல்ல" என்றாள்.

அவன் சாயாவை நின்றபடியே குடித்தான். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.